நிறம், சுவை, மணம்

சோப்பு நுரைக்காத ஊரில் பிறந்தவர்கள் நாங்கள். இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கரையில், மன்னார் வளைகுடாவின் உப்புக்காற்று சுவர்ச் சுண்ணாம்பை ஆண்டுதோறும் உதிர்த்துக்கொண்டிருக்கும் ஊர் அது. உடன்பிறந்தோர் நால்வர், காக்கா, லாத்தா, பிறகு இளையவர் இருவர். இக்கட்டுரையை ஒருவர் எழுத, மற்ற மூவரும் தொலைபேசியில் கேட்டுத் திருத்தினோம். இதில் சொல்லப்போகும் தவற்றில் நால்வருக்கும் பங்கு உண்டு என்பதால், ‘நாங்கள்’ என்று எழுதுவதே நேர்மை எனப்பட்டது.

வெளியூர்களில் வாழ்பவர்களுக்குத் தண்ணீர் என்றால் தண்ணீர்தான். எங்கள் ஊரில் அதற்கு வகைகள் உண்டு. குடிக்கும் தண்ணீர், சமைக்கும் தண்ணீர், குளிக்கும் தண்ணீர், சும்மா ஊற்றிக் கழுவும் தண்ணீர் என்று நான்கு குடங்களை நான்கு இடங்களில் வைத்துப் பழகிய பெண்கள் எங்கள் தெருவில் இன்றும் இருக்கிறார்கள். எந்தக் கிணற்று நீரில் பருப்பு வேகும், எதில் வேகாது என்பது சமையல் தொடங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த நீரை ‘கடின நீர்’ என்று பள்ளிப் பாடநூல் சொல்லும். அந்தக் கால்சியம் பருப்பின் தோலிலும் தசையிலும் உள்ள பெக்டினைப் பிணைத்து இறுக்கிவிடுவதால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு கரையாது. சோப்பிலும் இதே கதைதான். சோப்பின் கொழுப்பமிலத்தைக் கால்சியம் பற்றிக்கொண்டு, நீரில் கரையாத வெண்மையான பிசுக்காக மாற்றிவிடுகிறது. நுரை வர வேண்டிய இடத்தில் திரிந்த பால் போல ஒன்று உடம்பில் ஒட்டும். சென்னையில் படிக்கப்போன நாளில் ஒரு துளி ஷாம்பு தலை முழுதும் நுரைத்ததைக் கண்டு இளையவள் திகைத்து நின்றாள். எங்களுக்கு அது நெடுநாள் வேடிக்கைப் பேச்சு.

இத்தகைய ஊரில் எங்கள் உம்மாவின் வீட்டுக் கிணறு ஒரு விலக்கு. பதினெட்டு அடி ஆழமுள்ள உறைக்கிணறு. பன்னிரண்டு அடியில் தண்ணீர். அதில் துவரம்பருப்பு வெந்தது; சோப்பு ஓரளவு நுரைத்தது; தேநீர் தெளிவாக இருந்தது. நண்பகலில் தெருப் பெண்கள் குடத்தோடு வருவார்கள். உம்மா ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். அஸருக்குப் பிறகு சுப்ஹு வரை யாரும் வாளி இறக்கக் கூடாது. “கெணறும் உறங்கட்டும் வாப்பா, அதுக்கும் மூச்சு வாங்கணும்” என்பார்கள். அதைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம்.

மக்தபில் ஆலிம்சா அவர்கள் எங்களுக்குக் கற்பித்த முதல் சட்டப்பாடமே தண்ணீரைப் பற்றியதுதான். மார்க்கச் சட்ட நூல்கள் பெரும்பாலும் தூய்மை என்னும் அத்தியாயத்தில் தொடங்குகின்றன. அந்த அத்தியாயமோ தண்ணீரின் வகைகளில் தொடங்குகிறது. தொழுகைக்கு முன் ஒளு, ஒளுவுக்கு முன் தண்ணீர். நாங்கள் ஷாஃபி வழிமுறையைச் சேர்ந்தவர்கள். அதன்படி, இரண்டு குல்லா அளவுக்குக் குறைந்த நீரில் அசுத்தம் விழுந்தால் அந்நீர் உடனே அசுத்தமாகிவிடும். அந்த அளவை எட்டிய நீராயின், நிறமோ சுவையோ மணமோ மாறினால்தான் அசுத்தமாகும். இரண்டு குல்லா என்பதை இன்றைய அளவில் இருநூறு லிட்டருக்குச் சற்று மேல் என்று பலர் கணக்கிடுகிறார்கள். கணக்கில் வேறுபாடுகளும் உண்டு. ‘நிறம், சுவை, மணம்’ என்று மூன்று விரல்களை மடக்கிக் காட்டுவார் ஆலிம்சா. நாங்களும் மடக்குவோம்.

அதே நாள் காலை பத்து மணிக்கு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார்: தூய நீருக்கு நிறமில்லை, சுவையில்லை, மணமில்லை. அதே மூன்று சொற்கள்! சிறுவயதில் இது எங்களுக்குப் பெரும் வியப்பு. ஆலிம்சாவும் ஆசிரியரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டார்களோ என்றுகூட எண்ணினோம். பின்னாளில் அவர்கள் இருவரும் கேட்ட கேள்விகள் வெவ்வேறு என்பது புரிந்தது. நீரில் என்னென்ன கரைந்துள்ளன என்று ஆசிரியர் கேட்டார். இது இன்னும் நீர்தானா, அல்லது வேறொன்றாகிவிட்டதா என்று ஆலிம்சா கேட்டார். தேயிலை கலந்து தேநீராகிவிட்டால் அதில் ஒளு செய்ய முடியாது. ஆனால் நெடுநாள் தேங்கியதால் பாசி படிந்தோ, ஓடிவந்த மண்ணால் கலங்கியோ நிறம் மாறினால் அது நீர் என்ற பெயரை இழப்பதில்லை. கடல்நீரும் அப்படியே. கப்பலில் குடிநீரைச் சிறிதளவே கொண்டு செல்லும் தோழர் ஒருவர், கடல்நீரில் ஒளு செய்யலாமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டதும், அது தூய்மையானது என்று அவர்கள் விடையளித்ததும் கடலோடிகளின் ஊரான எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி.

(ஆசிரியர் சொன்னதிலும் ஒரு சிறு திருத்தம் வேண்டும். தூய நீருக்கு மிக மெல்லிய நீலம் உண்டு. சிவப்பொளியை அது இலேசாக உறிஞ்சுகிறது. ஒரு குவளையில் தெரியாது. பல மீட்டர் ஆழத்தில் தெரியும்.)

தண்ணீரின் குணங்கள் அனைத்தும் ஒரு சிறு கோணலிலிருந்து பிறக்கின்றன என்று சொன்னால் மிகையாகாது. ஓர் ஆக்சிஜன் அணு, இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். இம்மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமைந்திருந்தால் நாமெல்லாம் இருந்திருக்க மாட்டோம். ஹைட்ரஜன்கள் இரண்டும் 104.5 பாகைக் கோணத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. எலக்ட்ரான்களை ஆக்சிஜன் தன்பால் இழுத்துக்கொள்வதால் அதன் பக்கம் சற்றே எதிர்மின்மை, ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின்மை. ஆகவே ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனைத் தொட்டுப் பிடிக்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு எனப்படும் இப்பிடி வலுவற்றது. நொடிப்பொழுதில் அறுந்து, மறுநொடியே வேறொன்றோடு சேரும். எனினும் இத்தனை கோடிப் பிடிகளும் சேர்ந்தால் எவ்வளவு வலு என்பதற்கு ஓர் ஒப்பீடு போதும். தண்ணீரின் நெருங்கிய உறவான ஹைட்ரஜன் சல்பைடு, அதைவிடக் கனமான மூலக்கூறாக இருந்தும், பூச்சியத்துக்குக் கீழே 60 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடுகிறது. அந்தக் குடும்பத்தின் வரிசைப்படி தண்ணீர் அதனினும் கீழே கொதித்திருக்க வேண்டும். கொதிப்பதோ 100 பாகையில். அந்தக் கோணல் இல்லையேல் உலகில் கடல் இல்லை, மழை இல்லை, ஒரு துளி கண்ணீரும் இல்லை.

உயிருள்ள ஒவ்வொன்றும் நீரிலிருந்து படைக்கப்பட்டதாக அல்-அன்பியா அத்தியாயத்தின் 30-ஆம் வசனம் கூறுகிறது. அதை ஓதும்போதெல்லாம் அந்தச் சாய்ந்த கோணம் எங்கள் நினைவுக்கு வருகிறது. இதை ஒரு ‘நிரூபணம்’ என்று நாங்கள் சொல்லவரவில்லை. இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு செய்தி சுற்றி வரும். தண்ணீருக்கு முன் பிஸ்மில்லாஹ் ஓதினால் அதன் படிகம் அழகாக மாறும், தீய சொல் சொன்னால் சிதையும், ஜப்பானிய அறிஞர் ஒருவர் ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிட்டார் என்று வண்ணப் படங்களோடு வரும். அந்த ஜப்பானியர் மசாரு எமோட்டோ, 2014-இல் காலமானார். அவர் எடுத்த படங்கள் அழகானவை. ஆனால் உறையவைத்த பல துளிகளுள் எதைப் படமெடுப்பது என்பதை எடுப்பவரே தேர்ந்துகொண்டதால், அறிவியலாளர்கள் அதைச் சான்றாக ஏற்கவில்லை. பனிப்படிகம் அறுகோணமாக அமைவது மேலே சொன்ன அந்தக் கோணத்தால். பிஸ்மில்லாஹ் ஓதிய நீரும் அறுகோணம்; ஓதாத நீரும் அறுகோணம்; இறைமறுப்பாளர் வீட்டுக் குளிர்பெட்டியிலும் அறுகோணமே. இந்தச் செய்தியை முதன்முதலில் எங்கள் குழுவில் பகிர்ந்தவர் காக்காதான். இதைக் கட்டுரையில் எழுத அவரே இசைந்தார். பிஸ்மில்லாஹ் சொல்லித் தண்ணீர் குடிப்பது சொல்லப்படும் பெயருக்காக. ஒளிப்படத்துக்காக அன்று. ஸம்ஸம் நீரும் எங்களுக்கு அப்படித்தான். அதில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. நாவில் சற்றுக் கனமாகத் தெரிகிற சுவை அதனால் வருவது. ஹாஜிமார்கள் கொண்டுவரும் சிறு புட்டியை நின்றபடி கிப்லாவை நோக்கி அருந்தும்போது, வறண்ட பள்ளத்தாக்கில் குழந்தைக்காக ஓடிய ஒரு தாயை நினைக்கிறோம். அந்த நினைவுக்கு ஆய்வகச் சான்றிதழ் வேண்டியதில்லை.

முஸ்லிம் அறிஞர்கள் தண்ணீரை உண்மையிலேயே ஆராய்ந்த வரலாறு நமக்கு இருக்கையில், பொய்ப்படங்களைப் பகிர்வது எங்களுக்குக் கூடுதலாக வருத்தம் தருகிறது. மெர்வ் நகரத்தில் வாழ்ந்த அல்-காஸினி, 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் துலாக்கோலைப் பற்றிய நூலை எழுதினார். தமக்கு முன்பே அளந்த அல்-பிரூனியின் அளவுகளையும் அதில் பயன்படுத்தினார். நன்னீரை ஒன்று என வைத்துக்கொண்டு மற்றவற்றின் அடர்த்தியை அவர் பட்டியலிட்டுள்ளார். பனிக்கட்டி 0.965, ஆலிவ் எண்ணெய் 0.920, கடல்நீர் 1.041. இன்றைய கணக்கில் பனிக்கட்டி 0.917, கடல்நீர் ஏறத்தாழ 1.025. அவர் அளவுகளில் பிசகு உண்டு. ஆயினும் பனிக்கட்டி மிதக்கும் என்பதும், உப்புநீர் கனமானது என்பதும் எண்களாக அங்கே நிற்கின்றன. எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு தராசை வைத்துக்கொண்டு செய்த வேலை!

நன்னீருக்கும் கடல்நீருக்கும் இடையே உள்ள அந்தச் சிறு வேறுபாடுதான் எங்கள் உம்மாவின் கிணற்றை வாழவைத்தது. அதுவே அதைக் கெடுக்கவும் செய்தது.

கடற்கரை மணலுக்கடியில் நடப்பது இதுதான். மழைநீர் மணலுக்குள் இறங்குகிறது. கீழே கடல்நீர் ஏற்கெனவே ஊறி நிற்கிறது. நன்னீர் இலேசானதால், கடல்நீரின் மேல் ஒரு கண்ணாடி வில்லையைப் போலக் குவிந்து மிதக்கிறது. இரண்டும் மணற்பரல்களுக்கிடையே அமைதியாக இருப்பதால் விரைந்து கலப்பதில்லை. எல்லையில் ஒரு மெல்லிய கலவைப் பட்டை மட்டும் இருக்கும். ஆயிரத்துக்கு ஆயிரத்து இருபத்தைந்து என்ற விகிதத்தால் ஒரு கணக்கு பிறக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே அது நாற்பது மீட்டர் ஆழம் வரை இருக்கும். டச்சுக்காரரான கைபன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் 1901-இலும் தனித்தனியே இதை எழுதினார்கள். கணக்கைத் தலைகீழாகப் படித்தால்தான் அச்சம் புரியும். மேலே நன்னீர் மட்டம் அரை மீட்டர் குறைந்தால் கீழே உப்புநீர் இருபது மீட்டர் ஏறிவரும். மண்ணுக்குள் எல்லாம் ஏட்டுக் கணக்கைப் போல அவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. ஏறிவர ஆண்டுகளும் ஆகலாம். போக்கு என்னவோ அதுதான்.

வாளியால் இறைக்கும் கிணறு அந்த வில்லையின் மேற்பரப்பை மட்டும் நக்கிக் குடிக்கிறது. மாலை முதல் விடியல் வரை வாளி இறங்காதபோது பக்கத்து மணலிலிருந்து நீர் ஊறிவந்து பள்ளத்தை நிரவிவிடுகிறது. கிணற்றுக்கு மூச்சு வாங்க வேண்டும் என்று உம்மா சொன்னதன் பொருள் இதுவே. அவர்கள் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர்கள்.

2009-இல் இளையவளின் நிக்காஹ் முடிவானது. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்மக்களுக்கு உரியது. மாப்பிள்ளை வந்து தங்குவார். ஆகவே மேல்மாடி எழுப்பினோம். இரண்டு குளியலறைகள், மாடியில் கறுப்பு நிறப் பிளாஸ்டிக் தொட்டி. வாளியால் தொட்டியை நிரப்ப முடியுமா? காக்கா துபாயிலிருந்து பணம் அனுப்பினார். லாத்தா ஆள் பார்த்தார். இளையவர்கள் இருவரும் நின்று வேலை வாங்கினோம். கிணற்றுக்குப் பத்தடி தள்ளித் தொண்ணூறு அடிக்குப் போர் இறக்கி, நீர்மூழ்கி மோட்டார் பொருத்தினோம். உம்மாவிடம் கேட்டோமா என்றால், சொன்னோம் என்பதுதான் உண்மை. “கெணத்துக்கு ஒன்னும் ஆவாதே?” என்று மட்டும் கேட்டார்கள். ஆகாது என்று நால்வரும் உறுதி கூறினோம். எதன் அடிப்படையில் கூறினோம் என்று இன்று கேட்டால் எவரிடமும் விடையில்லை.

தொண்ணூறு அடி என்பது 27 மீட்டர். மேலே சொன்ன கணக்கோடு அதை ஒட்டிப் பாருங்கள். அந்த ஆண்டுகளில் எங்கள் தெருவில் மட்டும் பதினொரு வீடுகளில் போர் இறங்கியது. எங்கள் ஒரு மோட்டார்தான் கெடுத்தது என்று சொல்ல முடியாது. நாங்கள் காரணமில்லை என்றும் சொல்ல முடியாது. அரசு 2003-இலேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியிருந்தது. எங்கள் வீட்டிலும் அதற்கென ஒரு குழாய் இருந்தது. அது தெருவில் போய் முடிந்தது.

மாடித்தொட்டியைப் பற்றியும் ஒரு சொல். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த அந்த நீர் இஷா வேளையிலும் சுடும். தண்ணீரின் வெப்பக் கொள்ளளவு அப்படிப்பட்டது. ஒரு கிலோ நீரை ஒரு பாகை சூடேற்ற 4.18 கிலோஜூல் வேண்டும். வாங்கிய வெப்பத்தை எளிதில் விட்டுவிடவும் மாட்டாது. வெப்பநாடுகளில் உலோகப் பாத்திரத்தில் வெயிலால் சூடான நீரை உடலுக்குப் பயன்படுத்துவது வெறுக்கத்தக்கது என்று எங்கள் வழிமுறையில் ஒரு கருத்து உண்டு. இமாம் நவவி (ரஹ்) அவர்களோ அதில் வெறுப்பில்லை என்ற கருத்தையே தேர்ந்தார்கள். தொட்டி நீர் கொதிப்பதைப் பார்த்து உம்மா இதை எடுத்துச் சொல்ல, இது பிளாஸ்டிக் என்று நாங்கள் வாதாடினோம். அவர்கள் பேசாமல் மண்பானைக்குப் போனார்கள். அந்தப் பானையும் நீரின் குணத்தால் நடப்பதே. நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, ஒவ்வொரு கிராமும் அறுநூறு கலோரியை ஒட்டிய வெப்பத்தைப் பானையிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது. உள்ளே இருப்பது குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அது அவ்வளவாகக் குளிராது என்பதைக் கடற்கரையில் வளர்ந்தவர்கள் அறிவார்கள்.

நான்காம் ஆண்டில் பருப்பு வேகவில்லை. முதலில் பருப்பின் மேல் பழிபோட்டோம், கடையை மாற்றினோம். பிறகு குழாய் வாயில் வெள்ளைப் படிவம். அடுத்த கோடையில் கிணற்று நீரே கரித்தது. வாளியால் இறைத்தாலும் கரிப்புதான். கீழிருந்து ஏறிய உப்பு, பதினெட்டு அடிக் கிணற்றையும் தொட்டுவிட்டது. நண்பகலில் வரும் குடங்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் எதுவும் சொல்லவில்லை, வருவதை நிறுத்திக்கொண்டார்கள். எதிர்சவ்வூடுபரவல் இயந்திரம் வாங்கினோம். உப்பைப் பிரிக்க அது மிகுந்த அழுத்தம் தர வேண்டியிருக்கிறது. ஒரு குடம் நல்ல நீருக்கு இரண்டு மூன்று குடம் உப்புக் கழிவைத் தள்ளுகிறது. அக்கழிவும் எங்கள் கொல்லையில்தான் இறங்கியது. குடிநீருக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயையும், அது வராத நாள்களில் தள்ளுவண்டிக் குடத்தையும் நம்பினோம். குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும்போது உம்மா வாசலுக்கு வர மாட்டார்கள். தம் வீட்டு நீரைத் தெருவுக்கே கொடுத்தவர்கள்.

மார்க்கச் சட்டப்படி அந்த நீரில் ஒளு செய்யத் தடையேதும் இல்லை. கடல்நீரே தூய்மையானது எனும்போது கரிக்கும் கிணற்றுக்கு என்ன? உம்மா ஐவேளையும் அதிலேயே ஒளு செய்தார்கள். வாய் கொப்பளிக்கும்போது மட்டும் முகம் சற்றுச் சுளிக்கும். எங்கள்மீது ஒரு சொல் குற்றமாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நலமாக இருந்திருக்கும்.

2016-இல், ரமலான் முடிந்து சில நாள்களில், உம்மா வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். குளிப்பாட்ட எந்த நீரை எடுப்பது என்று ஒரு கணம் தயக்கம் வந்தது. வண்டியில் நல்ல தண்ணீர் வாங்கிவிடலாம் என்றார் காக்கா. லாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. “உம்மாவோட கெணத்துத் தண்ணிதான்” என்றார். மோட்டாரைத் தொடவில்லை. கிணற்றில் வாளி இறக்கி ஆண்கள் இறைத்துக் கொடுத்தோம்.

உள்ளே சோப்பு நுரைக்கவில்லை. திரிதிரியாகப் பிரிந்து உடலில் ஒட்டியது என்று லாத்தாவும் இளையவளும் பிறகு சொன்னார்கள். மய்யித்துக் குளிப்பாட்டுவதில் பழகிய மூதாட்டி சோப்பை எடுத்து ஒதுக்கிவிட்டு, “இந்தத் தண்ணிக்கு இது கேக்காது பிள்ளே, இலந்தை எலயைக் கொண்டா” என்றாராம். கசக்கி நீரில் அலசிய இலந்தை இலை மெல்ல நுரைத்தது. மய்யித்தை இலந்தை இலை கலந்த நீரால் கழுவுவதும், இறுதியில் கற்பூரம் சேர்ப்பதும் நபி (ஸல்) அவர்கள் காட்டித்தந்த முறை. இலந்தை இலையில் சபோனின் என்னும் இயற்கை நுரைப்பொருள் இருக்கிறது. சோப்பைப் போல் அதைக் கால்சியம் பிடித்துத் திரிக்க முடிவதில்லை. இதை நாங்கள் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டோம். அன்று தெரிந்ததெல்லாம், நாங்கள் கெடுத்த நீரிலும் உம்மாவுக்கு ஒரு நுரை கிடைத்தது என்பதுதான்.

நாற்பதாம் நாளுக்குள் மோட்டாரின் இணைப்பைத் துண்டித்தோம். மாடிக் குழாயைத் தெருவிலிருந்து திருப்பி, கூழாங்கல், மணல், கரித்துண்டு நிரப்பிய தொட்டி வழியாகக் கிணற்றுக்குள் விட்டோம். எங்கள் மாடி ஏறத்தாழ நூறு சதுர மீட்டர். பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். அதாவது நாலைந்து இரண்டு குல்லாக்கள். ஐப்பசியில் ஒரு நல்ல இரவு மழைக்குக் கிணற்றுக்குள் விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டு உறங்காமல் இருந்திருக்கிறோம்.

பள்ளிவாசலிலும் பேசிப் பார்த்தோம். பழைய ஹவ்ழை மூடி வரிசைக் குழாய்கள் வைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. இளையவன் ஒருநாள் குழாயடியில் வாளி வைத்துத் தன் ஒளுவை அளந்தான். ஏழு லிட்டர். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் ஒளு செய்தார்கள் என்கிறது அறிவிப்பு. அது முக்கால் லிட்டருக்கும் குறைவு. ஓடும் ஆற்றங்கரையிலும் வீண்விரயம் கூடாது என்னும் அறிவிப்பின் தொடர் குறித்து அறிஞர்களிடையே பேச்சு உண்டு. ஒரு முத்து பற்றிய அறிவிப்பிலோ அந்தச் சிக்கல் இல்லை. ஜமாஅத்துப் பெரியவர்கள் கனிவாகக் கேட்டுக்கொண்டார்கள். குழாய்களுள் பாதியை மெல்லொழுக்குக் குழாய்களாக மாற்றியிருக்கிறார்கள். மறுபாதி அப்படியே ஓடுகிறது.

கரைந்த உப்புகளை அளக்கும் பேனா போன்ற சிறு கருவி ஒன்றை இளையவன் வாங்கிவைத்திருக்கிறான். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீரே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தரநிலை. உம்மாவின் மறைவுக்கு அடுத்த மாதம் அளந்தபோது எங்கள் கிணறு 3,400. கடல்நீர் 35,000 என்பதை நினைத்தால் பத்தில் ஒரு பங்கு கடல் எங்கள் முற்றத்துக்கு வந்திருந்தது. பிறகு ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அளந்து, உம்மாவின் பழைய ரேஷன் கணக்கு நோட்டில் எழுதிவருகிறோம். கோடையில் ஏறும், மார்கழியில் இறங்கும். அஸருக்குப் பின் வாளி இறக்குவதில்லை.

சென்ற மாதம் எதிர்வீட்டு வாசலில் போர் இயந்திரம் வந்து நின்றது. நூற்றைம்பது அடி என்றார்கள். காக்காவும் இளையவனும் போய் நன்னீர் வில்லையைப் பற்றியும் நாற்பது மீட்டர் கணக்கைப் பற்றியும் எடுத்துச் சொன்னார்கள். வீட்டுக்காரர் மரியாதையாகத் தேநீர் கொடுத்து, முழுதும் கேட்டுவிட்டு, “நீங்க 2009-ல போட்டது எத்தனை அடி காக்கா?” என்றார். தொண்ணூறு என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்கள். அன்றிரவு முழுதும் இயந்திரம் ஓடியது.

சென்ற வெள்ளிக்கிழமை அளந்தோம். 1,940.